மூன்றாம் அட்டவணையும் சின்னம்மாவின் பைலும்

சின்னம்மாவின் பைல் நீல நிறம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி, பட்டன் அமத்தி மூடுகிற பிளாஸ்ரிக் பைல். பட்டன் எப்போதோ போய்விட்டது. இப்போது இரண்டு றப்பர் பான்ட். அதைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கள் விறாந்தைக்கு வந்தாரென்றால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை நடக்காது.

"பிள்ளை, இதை ஒருக்காப் பார். போன மாசம் குடுத்தது. இப்ப இன்னொண்டு கேக்கினம்."

பைலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். குடும்ப அட்டை, 2009-இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, சித்தப்பாவின் பாஸ்போட் அளவுப் படம் நாலு பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, ஆணைக்குழுக்கள் அனுப்பிய கடிதங்கள், அவற்றுக்குச் சின்னம்மா எழுதிய பதில்களின் போட்டோக்கொப்பி. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பொலித்தீன் பைக்குள், அம்மப்பாவின் காணிப் பெர்மிற்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலாக மடித்தது. மடிப்பு இரண்டு இடத்தில் விட்டுப்போய், செல்லோரேப் ஒட்டி, அந்த ரேப்பும் மஞ்சளாகிவிட்டது. மேல் மூலையில் குண்டூசித் துரு. 2009-இல் சின்னம்மா இதைப் பொலித்தீனில் சுற்றி, அதன்மேல் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கி, இடுப்பில் கட்டிக்கொண்டு விசுவமடு, தேவிபுரம், மாத்தளன் என்று நடந்தார். ஈரம் எப்படியோ உள்ளே போயிருக்கிறது. காணியின் இலக்கத்தில் ஒரு எண் கரைந்துவிட்டது. ஆனால் எல்லைகள் தெளிவாக இருக்கின்றன. வடக்கே வாய்க்கால். கிழக்கே பக்கத்துக் காணிக்காரரின் பெயர். தெற்கே ஒழுங்கை. மேற்கே அரச காணி. அந்த வாய்க்கால் இரணைமடுக்குளத்துத் தண்ணீர் வருகிற வாய்க்கால். இன்றைக்கும் அங்கேதான் ஓடுகிறது.

அடுத்த பக்கத்தில் "பின்னுரித்தாளர்" என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்த வெறும் இடத்தால்தான் இந்தப் பைல் இவ்வளவு பருத்திருக்கிறது.

நான் சட்டம் படித்தவள். படித்துவிட்டு வழக்குப் பேசப் போகாமல், சட்டக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் கொடுப்பது, ஊரில் யாருக்காவது படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று காலத்தை ஓட்டுகிறேன். சம்பளம் வருவது முதல் வேலைக்கு. நித்திரை போவது இரண்டாவது வேலையால். இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் இருப்பது கொஞ்ச நாளாக என்னை உறுத்துகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பெர்மிற். வன்னியில் காணி என்றால் இரண்டு சாதி: உறுதிக் காணி, பெர்மிற் காணி. உறுதி என்றால் நொத்தாரிஸ் எழுதியது. விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பெர்மிற் காணி அரசாங்கத்தின் காணி. அதில் இருந்து செய்யலாம், அவ்வளவுதான். இதற்கு அடிப்படை 1935-இன் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். டி.எஸ். சேனாநாயக்க விவசாயக் காணி அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. அதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. விவசாயிக்குக் காணி கொடுத்தால் அவன் கடன்காரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் நடுத்தெருவுக்கு வருவான்; ஆகவே விற்கவும் விடாதே, துண்டாடவும் விடாதே, ஒரு காணிக்கு ஒரே ஒரு ஆள்தான் அடுத்த உரித்தாளி என்று வை. அந்த ஒரு ஆள் யார் என்று காணிக்காரர் தன் வாழ்நாளில் எழுதிவைக்க வேண்டும். அவர் எழுதாமல் இறந்துவிட்டால், துணைவர் இல்லையென்றால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பேசத் தொடங்கும்.

மூன்றாம் அட்டவணை 2022 வரைக்கும் எப்படிப் பேசியது தெரியுமா? முதலில் மகன்கள். மகனே இல்லாவிட்டால் மகள்கள். அப்புறம் பேரன்கள், பேத்திகள். அப்பா, அம்மா. சகோதரர்கள், சகோதரிகள். இப்படியே போகும். ஒவ்வொரு படியிலும் ஆண் முதலில், அதிலும் மூத்தவர் முதலில். வீட்டில் நாலு பெண்களும் கடைசியில் ஒரு பையனும் என்றால் அந்தக் கடைசிப் பையனுக்குத்தான் காணி.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று உண்டு. எங்கள் அம்மப்பா 1950-களில் தீவுப்பகுதியிலிருந்து கிளிநொச்சிக்குக் குடியேற்றத்துக்கு வந்தவர். அங்கே ஊரில் காணி யார் பக்கம் போகும்? பெண் பக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் மகளுக்குச் சீதனம் என்று வீடும் வளவும் எழுதிக் கொடுப்பார்கள். ஆண்பிள்ளை கட்டிய இடத்தில் போய் இருப்பான். அம்மம்மாவின் அம்மாவின் வளவு அம்மம்மாவுக்கு வந்தது, அதில் நாலு பரப்பு சின்னம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அதே குடும்பம் ஆனையிறவைத் தாண்டிப் பெர்மிற் காணிக்கு வந்ததும் வழி தலைகீழாகிவிட்டது. இங்கே காணி மகன் பக்கம் போகிறது. ஒரே சமையலறையில் உட்கார்ந்திருக்கிற ஒரே பெண், கடலுக்கு அந்தப் பக்கம் காணிக்காரி, இந்தப் பக்கம் ஒன்றும் இல்லாதவள். தேசவழமையைப் பற்றி எழுதுகிறவர்கள் தேசவழமையைப் பற்றி எழுதுகிறார்கள். பெர்மிற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெர்மிற்றைப் பற்றி எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே பைலுக்குள் இருப்பதை நான் படித்தவற்றில் எவரும் எழுதிக் காணவில்லை.

சரி, அம்மப்பாவுக்கு வருகிறேன். அம்மம்மா முந்தியே போய்விட்டார். அம்மப்பா 1996-இல் ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் செத்தார். அது கிளிநொச்சியைப் பிடிக்க இராணுவம் நடத்திய சத்ஜெய நடவடிக்கைக் காலம். கிளிநொச்சி நகரம் முழுக்க எழும்பி அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று மரத்துக்குக் கீழே இருந்தது. சாகிற அன்றைக்குக்கூட அவர் கேட்டது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதைத்தான், காணியை யாருக்கு எழுதுவது என்பதை அல்ல. எழுதுவதற்குப் போகவேண்டிய அலுவலகமும் அப்போது எங்களைப்போல ஏதோ ஒரு மரத்துக்குக் கீழேதான் இருந்திருக்கும்.

இந்தச் சட்டத்தில் 68ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணிக்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் உரித்தாளி காணியின் ஆட்சியை ஏற்காவிட்டால் அந்தப் பின்னுரித்துத் தவறிவிடும். வகுப்பில் விரிவுரையாளர் இதைச் சொன்னபோது நான் கொப்பியின் ஓரத்தில் "96 + 6 மாதம் = ?" என்று எழுதியது நினைவிருக்கிறது. 1996-இலிருந்து 1998 செப்டெம்பர் வரைக்கும் கிளிநொச்சி நகரப் பக்கம் ஒரு பொதுமகன் காலடி வைக்க முடியாது. ஆறு மாதத்துக்குள் போய் ஆட்சி ஏற்கவேண்டிய காணியில் மண் அணையும் பதுங்கு குழியும் மிதிவெடியும் இருந்தன.

காணியைச் செய்து வந்தது சின்னம்மாவும் சித்தப்பாவும். பெரிய மாமா 1980-களிலேயே கனடா போய்விட்டார். சமாதான காலத்தில் ஒருமுறை வந்து, வரம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். 2010-இல் மீளக் குடியேறிய பிறகு சின்னம்மா பெயரை மாற்றப் போனார். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், அங்கிருந்த கிளாக்கர் கெட்டவரும் இல்லை. ஒரு கொப்பியைப் பிரட்டிப் பார்த்துவிட்டு, "மூத்த மகன் ஆர்? அவர் வர வேணும். இல்லாட்டி அவற்ற விருப்பமின்மைக் கடிதம் வேணும்" என்றார். மாமா கனடாக் குடியுரிமைக்காரர், இந்தச் சட்டத்தில் வெளிநாட்டுக் குடியுரிமைக்காரருக்குக் காணி கிடைக்காதே என்று பிறகு நான் போய்ச் சொன்னேன். "அது தெரியும் தங்கச்சி. ஆனா பைலிலை அவற்ற கடிதம் இருக்க வேணும்" என்றார்.

சட்டத்துக்கும் பைலுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மாமாவுடன் வட்ஸ்அப்பில் கதைத்தோம். அவருக்குக் காணி ஆசை கிடையாது. ஸ்காபரோவில் பனி தள்ளிக்கொண்டு நிற்கிற மனிதருக்கு மூன்று ஏக்கர் வயல் எதற்கு? ஆனால் அவர் சொன்ன பதில் இது: "எனக்குக் காணி வேண்டாம் பிள்ளை. நீங்களே செய்யுங்கோ. ஆனா அப்பான்ர பேர் அதிலை இருக்கட்டும். பேரை மாத்தவேண்டாம்." சின்னம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பேருக்கு மானியம் குடுக்க மாட்டாங்களாம் எண்டு சொல்லு அண்ணாட்ட" என்றார். பசளை மானியம், வீட்டுத்திட்டம், வங்கிக் கடன் எதற்குப் போனாலும் இருக்கிறவரின் பெயரில் கடதாசி கேட்பார்கள். இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது, ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம், எங்கள் ஒழுங்கையில் கடதாசி சரியாக இருந்தவர்களுக்கு அத்திவாரம் எழும்பியது. சின்னம்மா மேலும் இரண்டு மாரியைத் தகரத்துக்குக் கீழே கழித்தார்.

மூன்றாம் அட்டவணையைக் கண்டித்துச் சட்ட அறிஞர்கள் எழுதத் தொடங்கி எவ்வளவோ காலமாகிறது. கட்டுரைகளில் விஷயம் அழகாக விரியும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சமம் என்கிறது. அப்படியானால் இந்த அட்டவணை எப்படி நிற்கிறது? 16ஆம் உறுப்புரையால் நிற்கிறது. 1978 அரசியலமைப்பு வருவதற்கு முன்பிருந்த எழுதிய சட்டமும் எழுதாச் சட்டமும் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்பது அதன் சாரம். அதாவது சமத்துவம் உண்டு, ஆனால் பழைய சமத்துவமின்மைக்கு விலக்கு உண்டு. அதனால் எந்த மகளும் உயர் நீதிமன்றம் போய் இந்த அட்டவணை செல்லாது என்று தீர்ப்பு வாங்க முடியாது. பாராளுமன்றம் திருத்தினால்தான் உண்டு. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையில் இலங்கை 1981-இலேயே சேர்ந்துவிட்டது. அதன் குழு இந்தச் சட்டத்தைத் திருத்து என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் 2022-இல் திருத்தம் வந்தது. மகன்கள், மகள்கள் என்ற வரிசை போய், பிள்ளைகள் என்றானது. சகோதரர், சகோதரி பேதமும் அப்படியே போனது.

நல்ல திருத்தம்தான், மறுக்கவில்லை. எழுதி எழுதியே ஒரு சட்டத்தை மாற்றினார்கள் என்றால் அந்த எழுத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் 2022-இல் நாங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். யூரியா இல்லாமல் சிறுபோகம் மஞ்சளடித்துப்போய் நின்றது. அந்த வரிசையில் நின்ற ஒருவருக்காவது, இனி மகளுக்கும் காணி வரும் என்று ஒரு துண்டுப் பிரசுரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சின்னம்மாவுக்கு என்ன? அம்மப்பா செத்தது 1996-இல். அன்றைக்கு இருந்த அட்டவணைதானே அன்றைக்குப் பேசும்?

நான் சொல்ல வந்த விஷயம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது. சட்ட ஆய்வு எதைப் படிக்கிறது? தீர்ப்புகளைப் படிக்கிறது. தீர்ப்பு வேண்டுமென்றால் வழக்கு வேண்டும். வழக்கு வேண்டுமென்றால் நீதிமன்றம் வேண்டும். வன்னியின் பெரும்பகுதியில் 2009 வரை ஏறக்குறைய இருபது வருடம் அரசாங்கத்தின் நீதிமன்றம் இருக்கவில்லை. மாவட்டச் செயலகமான கச்சேரி இருந்தது, பிரதேச செயலகமான ஏ.ஜி.ஏ. ஒபீஸ் இருந்தது, கொழும்பிலிருந்து சம்பளமும் வந்தது. ஆனால் காணிச் சண்டை என்றால் போனது புலிகளின் நீதிமன்றத்துக்கு. அவர்களுக்கென்று தனிச் சட்டக்கோவை, தனிச் சட்டக் கல்லூரி, தனி நீதிபதிகள். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வேலித் தகராறை அங்கேதான் தீர்த்தார்கள். அந்த வேலி இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. 2009-க்குப் பிறகு அந்தத் தீர்ப்புத் தாள்களை ஒருவரும் வைத்திருக்கத் துணியவில்லை. எரித்தவர்கள் உண்டு, கிணற்றில் போட்டவர்கள் உண்டு. வைத்திருந்தாலும் இன்றைய நீதிமன்றத்தில் அது வெறும் தாள்.

ஆகவே தீர்ப்புத் தொகுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு வன்னியைத் தேடினால் அங்கே வெள்ளைத் தாள்தான். அந்த இருபது வருடத்தில் எங்களிடம் தகராறே இல்லை என்று நினைக்கத் தோன்றும். போருக்குப் பிறகும் எங்களில் பாதிப்பேரின் காணிப் பிரச்சினை கவுண்டரிலேயே பிறந்து கவுண்டரிலேயே முடிகிறது. "இதைக் கொண்டுவாங்கோ, அதைக் கொண்டுவாங்கோ" என்பதற்கு எதிராக எவர் எழுத்தாணை, அதாவது அதிகாரியைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றக் கட்டளை, கேட்டு வழக்குப் போடுகிறார்? பஸ் காசுக்கே யோசிக்கிறவர்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் சட்டம் இருப்பது தீர்ப்பில் இல்லை. காணிப் பதிவேட்டின் ஓரத்தில் கிளாக்கர் பென்சிலால் எழுதிய குறிப்பில் இருக்கிறது. "மூ. மகன் கடிதம் பார்க்க" என்று அம்மப்பாவின் பெயருக்கு நேரே எழுதியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆய்வாளர் எவராவது இந்தப் பென்சில் எழுத்துகளைச் சேர்த்தால் அது பெரிய நூலாகும். ஆனால் அதற்கு அடிக்குறிப்பு எப்படிப் போடுவது?

இடையில் ஒன்று. தீர்ப்பு இருந்தாலும் அது யாருடையது என்பது எங்களுக்கு மறந்துபோகிறது. மாகாண சபைக்குக் காணி அதிகாரம் உண்டா என்று விவாதம் வந்தால் எல்லோரும் இழுக்கிற வழக்கு சோலைமுத்து இராசு வழக்கு. மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி காணி மாகாண விடயம்தான், ஆனால் அரச காணி மத்தியின் கையில்தான் என்று 2013 செப்டெம்பர் 26-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. வட மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது அதே மாதம் 21-இல். ஐந்து நாள் இடைவெளி. நாங்கள் இன்னும் பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடிக்கவில்லை. அந்த வழக்கின் மூலம் என்ன? மலையகத்தில் ஸ்டாஃபோர்ட் தோட்டத்தில், வெளியேறு என்று அறிவித்தல் கிடைத்த ஒரு தோட்டத்து மனிதரின் முறைப்பாடு. அவர் கண்டி மேல் நீதிமன்றத்துக்குப் போனார். மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அரச காணி விடயத்தில் எழுத்தாணை அதிகாரம் உண்டா என்று கேள்வி எழுந்தது. இல்லை என்று முடிந்தது. கட்டுரைகள் எல்லாம் அதிகாரப் பகிர்வைப் பற்றி. அந்த மனிதர் குடியிருந்த இடம் முதல் பந்தியோடு காணாமல் போய்விடும்.

எனக்கு அது தைப்பதற்குக் காரணம் எங்கள் பின் ஒழுங்கை. 1958-க்கும் 1977-க்கும் 1983-க்கும் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பரம்பரை. பெர்மிற் பிரஜைக்குத்தான், பிரஜாவுரிமை இல்லாதபடியால் பெர்மிற் இல்லை, பெர்மிற் இல்லாதபடியால் வேறு யாருடையதோ காணியில், அல்லது காட்டோரத்தில், குடிசை. காடு வெட்டி, கிணறு வெட்டி, மூன்றாம் தலைமுறையும் அங்கேயே. அவர்களுக்குத் தேசவழமை பொருந்துமா என்று கேட்டுப்பாருங்கள். வட மாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குப் பொருந்தும் என்பார்கள். நாற்பது வருடம் இருந்தால் நிரந்தரமா? வகுப்பில் நான் இதைக் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார்கள். சட்டப் படிப்பில் நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம்.

இப்போது சின்னம்மாவின் சீதனக் காணி. தீவுப்பகுதியில் நாலு பரப்பு, உறுதிக் காணி, அவருடைய பெயரிலேயே தெளிவாக இருக்கிறது. அதை விற்று இங்கே குழாய்க் கிணறு அடிக்கலாம் என்பது அவருடைய யோசனை. நொத்தாரிஸ் உறுதியைப் பார்த்தார், சரி என்றார், அப்புறம் கேட்டார்: "கணவர்?"

தேசவழமையின் கதை நீளமானது. ஒல்லாந்தர் காலத்தில், 1707-இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை (ஒல்லாந்த அதிகாரி) தொகுத்து, 12 முதலியார்கள் பார்த்துச் சரி என்று சொல்லி, 1806-இல் ஆங்கிலேயர் சட்டமாக்கியது. 1911-இன் கட்டளைச் சட்டம் வந்து மனைவியின் சொத்து மனைவிக்கே என்றது. என்றாலும் 6ஆம் பிரிவில், அசையாச் சொத்தை அவள் கைமாற்றப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று வைத்தது. சீதனமாக வந்த, அவளுடைய அம்மாவின் வளவானாலும் அப்படித்தான். பெண்ணியச் சட்ட அறிஞர்கள் இதைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், சரியாகவே. ஆனாலும் நாங்கள் நொத்தாரிஸிடம் போனபோது பிரிவு அப்படியே இருந்தது.

8ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு. புருஷன் கைவிட்டுப் போயிருந்தால், சிறையில் இருந்தால், புத்தி பேதலித்தவராக இருந்தால், அல்லது அவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப்போட்டுச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு வாங்கலாம். எனக்குப் பெரிய சந்தோஷம். 1911-இல் எழுதிய வசனம் 2009-க்குப் பொருந்துகிறதே! மனுவையும் சத்தியக்கடதாசியையும் நானே எழுதினேன். "எனது கணவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது" என்று நாலாம் பந்தி.

சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாலாம் பந்தியில் கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"அது பொய்யெல்லோ."

"எது சின்னம்மா?"

"இடம் தெரியாது எண்டது. எனக்குத் தெரியும். வட்டுவாகல்லை, பாலத்துக்கு இஞ்சால, ஆமியிட்டைக் குடுத்தனான். பஸ்ஸிலை ஏத்தினதைக் கண்டனான். அதுக்குப் பிறகு எங்கை எண்டு அவைக்குத்தான் தெரியும். அவையெட்டைக் கேட்டு எழுது."

நான் பேசாமல் இருந்தேன். வெளியே கொக்கான் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பிறகு, இது ஒரு சட்டச் சொல்தான், நீதிமன்றத்துக்காக எழுதுவது என்று என்னவோ சமாதானம் சொன்னேன். "நீதிமன்றத்துக்குப் பொய் எழுதலாமோ? நீ படிச்சனி, சொல்லு" என்றார்.

இதற்கு முன்னும் இதே மாதிரிதான். 2010-இல் ஒரு சட்டம் வந்தது, காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று. எடுக்கமாட்டேன் என்றார். 2016-இல் அதைத் திருத்தி, செத்தார் என்று சொல்லாமல், காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று கொண்டுவந்தார்கள். அதே வருடத்தின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகமும் வந்தது. மரணத்துக்கும் வாழ்வுக்கும் நடுவில் ஒரு சட்ட நிலையை உருவாக்கியது பெரிய முன்னேற்றம் என்று கட்டுரைகள் சொல்லின. நானும் அதில் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். தலைப்புக்குச் சொல் தேடி இரண்டு நாள் மெனக்கெட்டேன். ஏனென்றால் தமிழில் "காணாமல் போனார்" என்றால் அவரே எங்கோ போய்விட்ட மாதிரி. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20-இல் கொட்டில் போட்டு உட்கார்ந்த அம்மாக்கள் "காணாமல் ஆக்கப்பட்டவர்கள்" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஒரு "ஆக்கப்பட்ட" என்பதில் செயப்படுபொருள் இருக்கிறது, செய்தவரும் மறைந்து நிற்கிறார். இலக்கண ஆசிரியர் ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல் அவர்கள் கண்டுபிடித்த வினை அது. நான் என் தமிழாக்கத்தில் அதைப் போட்டேன். சட்டத்தின் தமிழ்த் தலைப்போடு ஒத்துவரவில்லை என்று திருத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

சட்ட ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. புதிய சட்டங்களின் பிரதிகளுக்குள் முரண் வந்தால் பெரும்பாலும் சிங்களப் பிரதிதான் மேல். நாங்கள் கவுண்டரில் தமிழில் நிற்கிறோம். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த ஒழுங்குவிதி போட்டார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. நல்ல வேளை. ஆனால் தமிழில் பரீட்சை எழுதி வெளியே வருகிறவர் படிப்பதற்குத் தமிழில் என்ன சட்ட இலக்கியம் இருக்கிறது என்று கேட்டால், என் அலுமாரியில் ஒரு தட்டும் நிரம்பாது.

2025 மார்ச்சில் வந்த அரச வர்த்தமானியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. மார்ச் 28 திகதியிட்ட 2430ஆம் இலக்கம். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், வடக்கில் 5,940 ஏக்கருக்கு உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் வாருங்கள், இல்லாவிட்டால் அரச காணி. முல்லைத்தீவில் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515. ஊரில் போட்டோக்கொப்பிக் கடைக்கு அந்த மாதம் நல்ல வியாபாரம். சின்னம்மாவின் காணி அந்தப் பட்டியலில் இல்லை. அது ஏற்கனவே அரச காணிதான். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. நீலப் பைலோடு மூன்று இடத்துக்குப் போய்வந்தார். "இல்லை எண்டு அவை எழுதித் தரட்டும்" என்றார். ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெற்றது. இந்த முறை ஒரு தீர்ப்பேடு எங்களுக்கும் இருக்கிறது என்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன். மூன்று மாதம் என்ற அந்தக் கெடுவை எல்லோரும் அநியாயம் என்றார்கள். எனக்கு அம்மப்பாவின் ஆறு மாதம் ஞாபகம் வந்தது.

மனு அப்படியே இருக்கிறது. நாலாம் பந்தியை நான் மாற்றி எழுதினேன்: 2009 மே மாதத்தில் இன்ன இடத்தில் இன்னாரிடம் ஒப்படைத்தேன், அதன் பின் அவர் எங்கே வைக்கப்பட்டுள்ளார் என்பதை அவரைப் பொறுப்பேற்றவர்கள் எனக்கு அறிவிக்கவில்லை. மனுவை முற்படுத்தவேண்டிய சட்டத்தரணி வாசித்துவிட்டு, இது 8ஆம் பிரிவின் வாசகத்துக்கு வெளியே போகிறது, நீதிபதி ஏற்கமாட்டார் என்றார். ஏற்கலாம் என்றும் சொன்னார். சின்னம்மாவுக்கு வாசித்தேன். "இப்ப சரி" என்று பேனையை வாங்கி ஒப்பம் வைத்தார். குழாய்க் கிணறு இன்னும் அடிக்கவில்லை.

போன மாதம் மாமாவின் கடிதமும் வந்துவிட்டது. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் மனம் இளகிவிட்டாராம். அங்கே நொத்தாரிஸ் முன்னால் ஒப்பம் வைத்து, முத்திரை குத்தி, கூரியரில் அனுப்பினார். எடுத்துக்கொண்டு போனோம். கிளாக்கர் மாறிவிட்டார், இப்போது ஒரு இளம் பிள்ளை, கணினியோடு. பதிவேட்டை எடுத்தார், பென்சில் எழுத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், திரும்பவும் பதிவேட்டைப் பார்த்தார்.

"அம்மா, பெர்மிற்றிலை கந்தையா எண்டு இருக்கு. இதிலை கந்தையர் எண்டு போட்டிருக்கினம். ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு ஒரு சத்தியக்கடதாசி, சமாதான நீதவான் ஒராளிட்டை முடிச்சுக் கொண்டுவாங்கோ. கிராம சேவகரின்ர கடிதமும்."

சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கி, மடிப்புக் குலையாமல் பைலுக்குள் வைத்தார். இரண்டு றப்பர் பான்டில் ஒன்று அறுந்துவிட்டது. பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் ஒரு புத்தகக் கடைக்கு முன்னால் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இது காணாது. கொஞ்சம் பெரிசா ஒண்டு வாங்குவம்."